மனச்சோர்வு மாத்திரைக்கு ரத்தப்புற்றுநோயில் என்ன வேலை?

டிரானில்சைப்ரோமின் 1960-களின் தொடக்கத்திலேயே புழக்கத்துக்கு வந்த மனச்சோர்வு மாத்திரை. இதைச் சாப்பிடுகிறவர்கள் நாள்பட்ட சீஸைத் தொடக்கூடாது. தொட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறிவிடும். சீஸில் உள்ள, ரத்த அழுத்தத்தை ஏற்றும் டைரமின் என்ற பொருளைச் சிதைக்கிற மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை இந்த மருந்து முடக்கிவிடுவதுதான் காரணம்.

சரி, இதற்கும் ரத்தப்புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

நம் டி.என்.ஏ., ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் நான்காவதாக லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருந்தால், பொதுவாக அந்தப் பகுதி மரபணு வேலை செய்யத் தயார். 2004-இல் ஹார்வர்டில் யாங் ஷியின் குழு, அந்த மெத்திலைக் கழற்றும் எல்.எஸ்.டி.1 நொதியைக் கண்டுபிடித்தது. கழற்றினால் மரபணு அடங்கிவிடும். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. எபிஜெனெடிக்ஸ் என்பது இந்த மாதிரிக் கட்டுப்பாடுதான்.

எல்.எஸ்.டி.1, மோனோஅமைன் ஆக்சிடேஸுக்கு உறவுக்கார நொதி. இரண்டுமே எஃப்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறை வைத்துத்தான் இயங்குகின்றன. டிரானில்சைப்ரோமின் அந்த எஃப்.ஏ.டி.யோடு போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விடாது. அதனால் எல்.எஸ்.டி.1-உம் முடங்குகிறது.

ஏ.எம்.எல். என்ற ரத்தப்புற்றில் மஜ்ஜையின் இளம் செல்கள் முதிராமல் பெருகிக்கொண்டே போகும். அதில் ஏ.பி.எல். என்ற ஒரு வகைக்கு, 1980-களில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ வழிவந்த ஏ.டி.ஆர்.ஏ. மருந்தைக் கொடுத்தார்கள். புற்றுசெல்கள் முதிர்ந்தன, நோய் அடங்கியது. செல்லை நேரடியாகக் கொல்லாமலே நோயை அடக்கலாம் என்று காட்டிய அந்தச் சிகிச்சை, என் பார்வையில் புற்றுநோய் மருத்துவத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. ஆனால் மற்ற ஏ.எம்.எல். வகைகள் அதற்கு மசியவில்லை. முதிர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்கிக் கிடந்தன. டிரானில்சைப்ரோமினையும் சேர்த்துக் கொடுத்தால் அவை விழித்துக்கொள்கின்றன என்று 2012-இல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள்.

பின்னர் இன்னொன்றும் தெரியவந்தது. எல்.எஸ்.டி.1-க்கு மெத்தில் கழற்றுவது மட்டும் வேலையில்லை, ஜி.எஃப்.ஐ.1 என்ற புரதம் இதைப் பிடித்துக்கொண்டுதான் மரபணுக்களை அமுக்கி வைக்கிறது. மருந்து போய் ஒட்டியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஏ.எம்.எல். செல்களை முதிர வைப்பதில் இதற்கே பெரும் பங்கு.

ஏ.டி.ஆர்.ஏ.வையும் டிரானில்சைப்ரோமினையும் சேர்த்துக் கொடுத்து நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வுகளில் சிலருக்கு மட்டுமே பலன் கிடைத்தது. டிரானில்சைப்ரோமினின் அமைப்பை அடிப்படையாக வைத்து, எல்.எஸ்.டி.1-ஐ மட்டும் குறிபார்க்கும் ஐயடாடெம்ஸ்டாட், போமெடெம்ஸ்டாட் போன்ற மருந்துகளை உருவாக்கி நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.