பேண்ட் சைஸை நம்பி ஏமாறாதீர்கள்

"எனக்கு இன்னும் 34 சைஸ் பேண்ட்தான்" என்று பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே பெருமைப்படும் அண்ணன்களைக் கொஞ்சம் கவனியுங்கள், பெல்ட் தொப்பைக்குக் கீழே எப்போதோ இறங்கிப் போயிருக்கும். சர்க்கரை நோய் வரும் ஆபத்தைப் பார்க்க டாக்டர் கேட்கும் வயிற்றுச் சுற்றளவு அந்த 34 இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டதும் வருகிற அளவுதான் கணக்கு. வயிற்றை எக்கக் கூடாது (எல்லாரும் எக்குகிறோம், அது வேறு விஷயம்). நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வந்தாலே உஷாராக வேண்டும்.

எடை பார்த்தால் போதாதா? எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் பிஎம்ஐ, 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் கெட்லே, மக்களின் சராசரி உடலமைப்பை ஆராயும்போது கண்ட கணக்கு. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியாது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்குச் சர்க்கரை வருவது ஏன் என்பதில் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

மீதிப் பதில் வயிற்றுக்குள். விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற சதை, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. அதனால் அவ்வளவு தொல்லை இல்லை. குடலைச் சுற்றி உள்ளே சேர்வதுதான் வம்பு. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் குடல் பக்கத்து ரத்தத்தைக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு ஏறிய கல்லீரல், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்வதைக் கேட்காது, ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும்போதும் மேலும் தயாரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும், அதைச் சமாளிக்கக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து சுரந்து கடைசியில் களைத்துவிடும். ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடவே ஏறும்.

டேப்புக்கும் உள்கொழுப்பையும் வெளிக்கொழுப்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாது, சரி, அதற்கு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் இருக்கிறது. அதற்காக யாரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. உயரத்தில் பாதிக்குள் வயிற்றுச் சுற்றளவு இருக்கிறதா என்று பாருங்கள், 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 80. அப்புறம், தினமும் வேகமாக நடக்கிறவர்களுக்கு எடை அசையாவிட்டாலும் உள்கொழுப்பு குறையலாம். எடை மெஷின் காட்டாததை டேப் காட்டிவிடும். அளக்கும்போது மட்டும் காலையில், பசியாறுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளங்கள்.