பிரஷர் கேஜா, சுவிட்சா, சென்சாரா?

அழுத்தம் அளக்க எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவர்கள் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அளந்து வரும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள், எதற்காக என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் ஆள் நிற்கிறார். முள் தெரிந்தால் போதும். அங்கே பூர்டன் கேஜ்தான் சரி. பிரான்சின் யூஜின் பூர்டன் 1849-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உள்ளே தட்டையான, வளைந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கும். சித்திரைத் திருவிழாக் கடைகளில் விற்கும் சுருள் பீப்பி ஊதினால் நீள்வதுபோல, அழுத்தம் ஏறும்போது இந்தக் குழாயும் இம்மியளவு நிமிரும். அந்த அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கரண்ட் போனாலும் முள் வேலை செய்யும். பாய்லருக்கு அது முக்கியம். ஆனால் நீராவி நேராகக் கேஜுக்குள் போகக் கூடாது, சூடு குழாயைக் கெடுத்துவிடும். அதற்குத்தான் அடியில் வளைந்த சைஃபன் குழாய். அதில் குளிர்ந்து தேங்கிய தண்ணீர் அழுத்தத்தைக் கடத்தும், சூட்டைத் தடுக்கும். வழக்கமாக 6 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தத்தில்) ஓடும் இடத்துக்கு 10 கிலோ கேஜ் வாங்குங்கள். 7 கிலோ கேஜ் எப்போதும் எல்லையிலேயே நின்று சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கப்பலூர்ப் பட்டறையின் கம்ப்ரசருக்கு எண்ணே தேவையில்லை. 6 கிலோவில் மோட்டார் ஓடி 8-ல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். குறித்த அழுத்தத்தில் மின்சாரத்தைத் தானே இணைத்துத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்ச் போதும்.

உசிலம்பட்டி போர்வெல்லில் நீர்மட்டம் பார்ப்பது வேறு கதை. ஆழத்தில் தொங்கும் சென்சாரை யாரும் பார்க்க முடியாது. எண் மேலே வர வேண்டும். 10 மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய சிலிக்கான் சவ்வு அந்த அழுத்தத்தில் வளைய, அதிலுள்ள மின்தடைகள் மாறும். அந்த மாற்றம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக மேலே வரும். கிணறு வற்றினாலும் 4 வரும். 0 வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அழகான ஏற்பாடு.

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம் வைத்த பீசோ மின்படிக வகையை இங்கே வாங்கிவிடாதீர்கள். என்ஜின் சிலிண்டருக்குள் நொடிக்கு நொடி துடிக்கும் அழுத்தத்துக்கு அது பிரமாதம். நிலையான அழுத்தத்தில் அதன் மின்னூட்டம் கசிந்து, அளவும் வடிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்ணீரின் தலைமேல் காற்றும் அழுத்துகிறது. நம் பகுதியில் காற்றழுத்தம் காலை 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4 மணி வாக்கில் சில மில்லிபார் இறங்கும். முழு அழுத்தத்தை அளக்கும் சென்சாரில் இது சில சென்டிமீட்டர் நீர்மட்ட மாற்றமாகத் தெரியும்; புயல் நாளில் இன்னும் கூடும். எனவே கேபிளுக்குள்ளேயே மெல்லிய காற்றுக்குழாய் ஓடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளிக்காற்று சவ்வின் மறுபக்கத்தைத் தொட்டு, அந்தப் பங்கைக் கழித்துவிடும். கேபிளின் மேல்முனையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா இருக்கும். மழைக்காலத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள். குழாய்க்குள் ஈரம் அடைத்தால் அளவு மறுபடியும் தவறும்.