திரை ஆளுமையா, திரைமுகமா?

மும்பையில் இந்திப் படங்களைத் தமிழாக்குகிறவர்கள் 'பெர்சோனா' என்றதும் 'ஆளுமை' என்று போட்டுவிடுகிறார்கள். அந்தேரி டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில் கண்ணில் பட்ட வரி இது: 'தன் வில்லன் ஆளுமையைச் சுயபகடி செய்திருக்கிறார்.' ஒரே வரியில் இரண்டு பிழை.

பெர்சோனா லத்தீன் சொல். முதலில் நாடக நடிகர் அணியும் முகமூடி, அப்புறம் பாத்திரம். சினிமாவில், படத்துக்குப் படம் நடிகரோடு கூடவே வந்து நம் மனதில் படிந்துபோன உருவம். ஆளுமை என்பது ஆளின் சொந்த இயல்பு. திரையில் கொடியவரான நம்பியார், வீட்டில் மாலை போட்ட ஐயப்ப பக்தர். இதில் எது அவர் ஆளுமை? போதாததற்கு, 'இலக்கிய ஆளுமை' என்று அந்தச் சொல் இப்போது மனிதரையே குறிக்கிறது.

சுயபகடி இன்னும் மோசம். பகடி என்றால் கேலி. 'பாட்ஷா'வில் (1995) ரஜினியைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தவர் ஆனந்தராஜ். 'மரகத நாணய'த்தில் (2017) ட்விங்கிள் ராமநாதனாக வந்து சிரிக்க வைக்கும்போதும் அதே முறைப்பு, அதே கனத்த குரல். தன்னை அவர் எங்கே கேலி செய்கிறார்? அவரைப் பார்த்து நாம் பயந்த பழைய பயம்தான் அங்கே சிரிப்புக்கு மூலதனம். 'நான் கடவு'ளில் (2009) நடுங்க வைத்த மொட்டை ராஜேந்திரனின் கரகரத்த குரலுக்கு, அடுத்த வருடமே 'பாஸ் என்கிற பாஸ்கர'னில் தியேட்டர் சிரித்தது. குரல் மாறவே இல்லை.

நகை பிறக்கும் இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பிவிடுதல்) என நான்கு என்கிறது தொல்காப்பியம். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்தது எள்ளல் ஒன்றுதான். மிரட்டும் முகத்துக்குள் பேதைமை இருப்பதைப் பார்த்து வரும் சிரிப்பைப் பகடி என்பது அந்த நடிப்பையே கொச்சைப்படுத்துவது.

பெர்சோனாவுக்குப் 'பிம்பம்' பரவாயில்லை. ஆனால் அது அரசியல் தலைவருக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே புழங்குகிறது. திரைமுகம் என்று சொல்லலாமே! முகமூடி என்ற மூலப்பொருளுக்கும் அது பக்கம். முகம் வடசொல்லா என்ற வழக்கு இங்கே வேண்டாம், அதைச் சொல்லாத தமிழர் இல்லை. 'தன் திரைமுகத்தை வைத்தே சிரிக்க வைக்கிறார்' என்றால் யாருக்கும் புரியும். சுயபகடி என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. காட்சியைப் போட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டுகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.