மாடிப்படிக்கு அடியில் காபி கார்னர்: எம்.சி.பி. விழவில்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது

மறுபடியும் ஒரு காபி கார்னர். மறுபடியும் ஒரு கருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

போன வாரம் பார்த்தது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மர நிற லேமினேட் ஒட்டிய மேடை, மேலே கண்ணாடி ஜாடிகள், மஞ்சள் எல்.இ.டி. ஸ்ட்ரிப். ஆசாரி வேலை அவ்வளவு சுத்தம். பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். செல்போன் சார்ஜ் போட வைத்த 6 ஆம்பியர் பாயிண்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் கெட்டில், எஸ்பிரசோ மெஷின், மைக்ரோவேவ் மூன்றும். கெட்டில் செருகிய துளை பழுப்பேறிப்போய், பிளக் பின் பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டியிருந்தது. உருவ வரவில்லை. "ஒரு வாரமா ஏதோ மீன் வாடை அடிச்சுது சார், எலி செத்துக் கிடக்குதோன்னு தேடினோம்" என்றார் அந்த வீட்டம்மா. அது எலி இல்லை அம்மா. பிளக், ஸ்விட்ச் பிளாஸ்டிக் சூடேறி உருகத் தொடங்கினால் அப்படித்தான் வாடை அடிக்கும். வீட்டில் காரணமில்லாமல் மீன் வாடை வந்தால் முதலில் பிளக் பாயிண்டுகளைப் பாருங்கள்.

வீட்டுக்காரர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எம்.சி.பி. விழவே இல்லையே சார், அப்ப லோடு சரியாத்தானே இருந்திருக்கும்?"

எம்.சி.பி. என்பது லோடு மிகவும் கூடினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். போகிற வீட்டிலெல்லாம் இதே கேள்வி. படித்தவர்கள், பார்த்துப் பார்த்து வீடு கட்டியவர்கள் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அல்ல, பிளக் துளையை அல்ல. அதிலும் அளவு தாண்டிய உடனே விழுவதற்கு அது செய்யப்படவில்லை. 10 ஆம்பியர் எம்.சி.பி.யில் 11.3 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது, 14.5 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். தரநிர்ணயமே அப்படித்தான். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும், 1300 வாட் எஸ்பிரசோ மெஷின் 5.6 இழுக்கும். இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியர். காலையில் காபி போட்டு முடிக்கும் நேரத்துக்குள் எம்.சி.பி. அசையாது. 6 ஆம்பியர் பாக்ஸோ தன் அளவைப் போல் இரண்டு மடங்கைச் சுமக்கும். தினமும்.

இதைவிட மோசமானது லூஸ் கான்டாக்ட். செருகி உருவி, செருகி உருவித் துளைக்குள் இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்துவிடும். அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டில் மட்டும் ஓடினாலே அந்த ஒரு புள்ளியில் 21 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் 25 வாட் தெரியுமா? ஈயத்தை உருக்கும் சாமான். கிட்டத்தட்ட அதை பிளக்குக்குள் வைத்துவிட்டு மேலே பால் காய்ச்சுகிறீர்கள். ஆனால் வயரில் ஓடும் மின்சாரம் கூடவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். எம்.சி.பி.க்கு என்ன தெரியும்? எர்த்துக்குக் கசிவும் இல்லை, அதனால் கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. கருகி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஷார்ட் ஆன பிறகுதான் விழும். அதற்குள் பின்னால் இருக்கும் பிளைவுட் பற்றியிருக்கலாம்.

ஒருவேளை எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், "பெரிசா ஒண்ணு மாத்திக் குடுத்துடுங்க" என்கிறார்கள். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) மெல்லிய வயரை உள்ளே வைத்துக்கொண்டு 25 ஆம்பியர் எம்.சி.பி.யை நான் போட மாட்டேன். வேறு யாராவது போட்டுக் கொடுத்தாலும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாடிப்படி அடிக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அங்கேதான் குடியிருக்கும். அதன்மேல் பெட்டி அடித்து மூடி, மேடையாக்கிக் காபி போடுகிறார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அமிலப் புகை வரும். கதவு போட்டு அடைக்கிற பொருளே இல்லை அது. பாலும் சர்க்கரையும் வைக்கிற இடமும் இல்லை. அந்த மூலைதான் வேண்டுமென்றால் பேட்டரியை முதலில் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் லைனில் கெட்டிலைச் செருகவே கூடாது.

சரி, எப்படிச் செய்வது? ஆசாரியைக் கூப்பிடும் முன் வயரிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். லேமினேட் ஒட்டின பிறகு சுவரில் காடி வெட்டச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து 4 ஸ்கொயர் வயரில் தனி லைன், அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி., மேலே 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மேடையில் 16 ஆம்பியர் பவர் பிளக், ஒரு சாமானுக்கு ஒன்று. மைக்ரோவேவ் பெட்டியில் 800 வாட் என்று இருந்தால் அது சாப்பாட்டுக்குப் போவது. லைனிலிருந்து இழுப்பது 1200 வாட் பக்கம். கணக்கில் அதைத்தான் சேர்க்க வேண்டும். கெட்டில், மெஷின், மைக்ரோவேவ் மூன்றையும் கூட்டினால் 17 ஆம்பியருக்கு மேல், அதனால்தான் தனி லைன் கேட்கிறேன்.

பிளக்கை கெட்டிலுக்கு நேர் மேலே வைக்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். நேர் மேலே இருந்தால் ஆவி நேராக ஸ்விட்சுக்குள் போகும். தலைக்கு மேல் சரிந்து வரும் படிக்கட்டுப் பலகையும் அதே ஆவியில் ஊறும். மெஷினின் மூன்றாவது பின்னை வெட்டுவது, டூ பின் அடாப்டரில் மாட்டுவது இரண்டும் கூடவே கூடாது. தண்ணீரும் எஃகு உடம்பும் சேர்ந்த சாமானுக்கு எர்த் இல்லாவிட்டால் அதைத் தொடுபவரின் உயிருக்கு ஆபத்து.

இவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் பரவாயில்லை. கெட்டிலையும் மெஷினையும் சமையலறை பவர் பிளக்கிலேயே விட்டுவிடுங்கள். டிகாக்‌ஷன் ஃபில்டர், பிளாஸ்க், டபரா, தூள் டப்பா, ஒரு எல்.இ.டி. விளக்கு. இவை மட்டும் மூலைக்கு வரட்டும். அதற்கு 6 ஆம்பியர் பாயிண்டே தாராளம்.

ஏற்கெனவே அமைத்துவிட்டவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கெட்டிலில் ஒரு முறை தண்ணீர் கொதித்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, துளையைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, துளை ஓரம் பழுப்பேறி இருந்தாலோ அதில் மறுபடி எதையும் செருகாதீர்கள்.