லாக் ஃபைலை (lock file) அழிப்பதற்கு முன்

பெரிய ப்ராஜெக்ட் எதுவானாலும் நாம் எழுதிய கோடு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதிவைத்த கோடு. நாம் இருபது கேட்டால், அந்த இருபதும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு, அவை இன்னும் சிலவற்றை இழுத்துவந்து, கடைசியில் எண்ணினால் பல நூறு இருக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைச் சேர்த்துவைத்து இறக்கித் தரும் அமைப்பு) நீக்கியதும் ஏகப்பட்ட பில்டுகள் (கோடையும் லைப்ரரிகளையும் சேர்த்து ஓடும் மென்பொருளாக்கும் வேலை) விழுந்தன. அப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

சரி, எந்தப் பதிப்பு வரும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2.4.1 என்பதில் கடைசி எண் பிழைத்திருத்தம், நடு எண் புது வசதி, முதல் எண் மாறினால் பழைய கோடு உடையலாம். இது ஆசிரியர் தரும் வாக்குதான், யாரும் சரிபார்ப்பதில்லை. நாமும் “2.4.1 முதல் 3க்குள் எதுவும் சரி” என்று ஒரு வரம்பைத்தான் எழுதுகிறோம். அதனால் நேற்று ஓடிய பில்ட், யாரும் ஒரு வரிகூட மாற்றாமலே, இன்று உடையலாம்.

இதைத் தடுக்கத்தான் லாக் ஃபைல், பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பு. மறைமுகமாக வந்தவை உட்பட ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பும், பெரும்பாலும் அதன் ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற அடையாளம்) அதில் இருக்கும். மெர்ஜில் (இருவரின் மாற்றங்களை ஒன்றாக்கும்போது) மோதல் வந்தால் லாக் ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அப்படிச் செய்தால் நூறு லைப்ரரிகள் சத்தமில்லாமல் ஒரே நேரத்தில் மாறிவிடும், அப்புறம் எது உடைத்தது என்று தேடி மாளாது.

இன்னொரு சிக்கல்: நாம் எடுத்த இரண்டு லைப்ரரிகள், மூன்றாவது ஒன்றின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்பது. பைத்தானில் ஒரு சூழலுக்கு ஒரு பதிப்புதான், அங்கே லைப்ரரிகளை நிறுவும் பிப் முடியாது என்று நின்றுவிடும். என்பிஎம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் ஒரு பிரதி உருவாக்கிய ஆப்ஜெக்டை மற்றது தன்னுடையது என்று ஏற்காது, அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

பூட்டிவிட்டு மறந்துவிடவும் முடியாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே (ஜாவா நிரல்கள் பதிவுகள் எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி) பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பழைய பதிப்பில் இருந்தவர்கள் அவசரமாக மாற வேண்டியிருந்தது. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்தபோது தலைகீழாக நடந்தது, பழையதிலேயே இருந்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் புதுப் பதிப்பு வந்த அன்றே எடுக்காமல் சில நாள் விட்டு, ஒரு கமிட்டுக்கு (பதிவாகும் ஒரு மாற்றத்துக்கு) ஒரு லைப்ரரி என்று ஏற்றுகிறேன். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் காத்திருப்பதில்லை.