காய்ஞ்சிடும்ல சார்?

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு அம்மா தன் லேப்ரடாரை வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கூட்டி வந்தார். ஊசி போட்டு, அட்டையில் எழுதி, அடுத்த தேதியும் சொல்லி முடித்த பிறகு, கூட வந்திருந்த பத்து வயசுப் பையனை முன்னால் தள்ளினார். "சார், இவன் காலைக் கொஞ்சம் பாருங்களேன். படர்தாமரைன்னு மெடிக்கல்ல ஒரு ஆயின்மென்ட் கொடுத்தாங்க. பத்து நாளா போடறேன். கோடு நீண்டுகிட்டே போகுது."

நான் கால்நடை மருத்துவன். மனுஷன் காலுக்கு மருந்து எழுத எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் அந்தக் கோட்டை எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும். பாதத்தின் ஓரத்தில் ஆரம்பித்து, சிவந்து தடித்து, புதுசாகக் கோலம் பழகுகிறவர் இழுத்த சிக்குக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. ராத்திரியில் அரிப்பு தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறானாம். நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழு இருக்கிறதே, அதன் இளம்புழு தோலுக்குள் ஊர்ந்து போன தடம் அது. மனுஷ உடம்பு அதற்குப் பழக்கமில்லாத வீடு. உள்ளே இறங்க வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோல் மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மழை விட்டதிலிருந்து என் மேசை முன்னால் நீட்டப்பட்ட மூன்றாவது கால் இது.

எங்கே விளையாடுவான் என்று கேட்டேன். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியின் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. மைதானத்தில் பந்துதான். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில்தான் ஆடுவான். அடுத்த கேள்வியை, வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் கேட்டேன். காலையில் நாயை எங்கே கூட்டிப் போகிறீர்கள்?

கொஞ்சம் தயங்கினார். "அதே கிரவுண்டுதான் சார். ஓரமாத்தான் போகும். வெயில்ல காய்ஞ்சிடும்ல சார்?"

எனக்கு வந்த கோபத்தை நாய்க்குப் பிஸ்கட் கொடுத்து அடக்கிக்கொண்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாய் மலம் வெயிலில் "காய்ஞ்சிடும்" என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. தண்டையார்பேட்டையில் சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவரும் சொல்கிறார், கொளத்தூரில் ஹஸ்கி வளர்ப்பவரும் சொல்கிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள்.

நாய் இப்போதுதான் போட்டது என்று வைத்துக்கொள்வோம். நாறும், ஈ மொய்க்கும், மிதித்தால் செருப்பைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் அதில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு என்ற இரண்டின் முட்டையும் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அந்த முட்டை யாரையும் ஒன்றும் செய்யாது. முட்டைக்குள் இருப்பது இன்னும் முதிரவில்லை. கொக்கிப்புழு முட்டை, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். உருண்டைப்புழுவின் முட்டைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் விட்டுவிட்டுப் போனது என்ன ஆகியிருக்கும்? காய்ந்து, நாலு பேர் மிதித்து, தூளாகி, மண்ணோடு மண்ணாகியிருக்கும். இடமே தெரியாது. "பாரு, சுத்தமாயிடுச்சு" என்று நீங்கள் திருப்திப்படுகிற நாளில்தான் புழு தயாராகி உட்கார்ந்திருக்கிறது. பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருவதும் அங்கேதான்.

கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அதை ஒரு காகிதத்தால் எடுத்துவிடலாம். மறைந்த பிறகு யாராலும் எடுக்க முடியாது.

வெயில் ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும். சித்திரை வெயிலில் மொட்டையான சிமெண்டுத் தரையில் கிடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழு காய்ந்து செத்துப்போகும். ஆனால் உங்கள் நாய் நடுரோட்டிலா உட்காருகிறது? மரத்தடி, மதிலோரம், மணல் குவித்து வைத்திருக்கும் இடம், புல் முளைத்த ஓரம் என்று நிழலும் ஈரமும் பார்த்துத்தானே சுற்றிச் சுற்றி வந்து உட்காருகிறது. புழுவுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். உருண்டைப்புழு முட்டை இன்னும் கெட்டி. தடித்த ஓடு, நல்ல மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அது காலில் ஏறாது, வாய் வழியாகப் போகும். மண்ணில் விளையாடிவிட்டு அதே கையால் முறுக்கு தின்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து. வயிற்றில் பொரிந்த புழு ஈரல், நுரையீரல் என்று அலையும். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். இது அபூர்வம்தான். உங்கள் பிள்ளை கண்ணாக இருந்தால் அபூர்வம் என்ற வார்த்தை உங்களுக்குப் போதுமா?

"மழை வந்தா அடிச்சுட்டுப் போயிடும்" என்பது இதன் தம்பி. எங்கே அடித்துக்கொண்டு போகும்? வீட்டுக் கழிவறைத் தண்ணீர் பாதாளச் சாக்கடையில் இறங்கி, கொடுங்கையூர் மாதிரி ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. தெருவோர மழைநீர் வடிகால் அப்படி இல்லை. ஓட்டேரி நல்லா என்ற ஓடையிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் விழுந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. அதுவும் ஒழுங்காகப் போனால்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தண்ணீர் எங்கே நின்றது என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் நின்றது.

மற்ற சாக்குகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டேன்.

"உரம்தானே சார், மாட்டுச் சாணம் மாதிரி." இல்லை. மாடு புல் தின்கிறது, உங்கள் நாய் சிக்கன் தின்கிறது. நாயின் குடலில் வாழும் புழுக்களில் சில மனுஷனுக்கும் தாவும். அதைக் கொண்டுபோய்க் கீரைத் தொட்டியில் போடாதீர்கள்.

"பினாயில் ஊத்திட்டேன்." வாசனை மாறியிருக்கும். புழு முட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ப்ளீச்சிங் பவுடர், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைக் கொல்லும், அதுவும் மலத்தை முழுசாக எடுத்த பிறகு போட்டால்தான். மலத்தின் மேலேயே தூவிவிட்டுப் போவது கோலமாவு தூவுவது மாதிரி. பார்வோ வேறு கதை. அது முதிரக் காத்திருக்காது, போட்ட உடனேயே தொற்றும், மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். தடுப்பூசி முடியாத இரண்டு மாதக் குட்டியை அந்த இடத்தை மோந்து பார்க்க விட்டால் அடுத்த வாரம் ரத்த ரத்தமாகக் கழியும். குட்டிக்கு டிரிப்ஸ் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம், இது தெருமுனையில் யாரோ எடுக்காமல் விட்டுப் போனதிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லவே எனக்கு மனசு வராது.

"தெருநாய் போறதில்லையா?" போகிறது. அதற்கு ஓனர் இல்லை, கையும் இல்லை.

"காலையில பெருக்கறவங்க எடுத்துடுவாங்க." இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வரும். தூய்மைப் பணியாளர் தெருக் குப்பை அள்ள வருகிறார். உங்கள் நாய்க்குக் கால் கழுவிவிட அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. சில நாள் கிழிந்த கையுறையோடுதான் அந்த அக்கா வருகிறார், நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நாய் வளர்க்காத பக்கத்து வீட்டுக்காரர்கள், வாசலில் நாய் போய்விட்டதால் ரேபிஸ் வந்துவிடும் என்று சண்டைக்கு வருகிறார்கள். வராது. வெறிநோய் எச்சிலில் பரவுவது, கடியில் வருவது. மலத்தில் வராது. சண்டை போடுங்கள், ஆனால் சரியான காரணத்துக்குப் போடுங்கள்.

காலையில் நடக்கப் போகும்போது இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் நாய்ச் சங்கிலி, மறு கையில் போன். தன் வீட்டு வாசலில் நாயை உட்கார விடமாட்டார். நாலு வீடு தள்ளி இழுத்துக்கொண்டு போவார். நாய் முதுகை வளைத்ததும் இவர் வானத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். பெரம்பூரில் விமானம் பார்க்கும் கூட்டம் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. மார்கழியில், விடியற்காலையில் எழுந்து யாரோ போட்ட கோலத்தின் ஓரத்தில்கூட.

அப்படி வானத்தைப் பார்ப்பதில் அவருக்கே ஒரு நஷ்டம் இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மலத்தைப் பார்ப்பது பாடத்தின் பாதி. நிறம், கெட்டி, சளி, ரத்தம், அதில் ஒட்டியிருக்கும் அரிசி மாதிரியான நாடாப்புழுத் துண்டு என்று நாய் வாயால் சொல்ல முடியாததெல்லாம் அதில் இருக்கிறது. நாயோடு வருபவரிடம் "வெளிக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நார்மல் சார்" என்கிறார். என்ன நிறம் என்று கேட்டால் விழிக்கிறார். குனிந்து எடுக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் முன்னாலேயே நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. பழைய செய்தித்தாள் இரண்டு தாள் மடித்துப் பையில் வையுங்கள். நாய் உட்காரும்போது அடியில் நீட்டிவிட்டால் தரையிலேயே படாது. பழகிய நாய் கண்டுகொள்ளாது, முதல் நாள் மட்டும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். தரையில் விழுந்துவிட்டால் கையில் கவரை உறைபோல மாட்டி எடுத்து, அப்படியே உள்புறம் வெளியே திருப்பி முடிச்சுப் போடுங்கள். வீட்டுக்கு வந்து மலத்தை மட்டும் கழிவறையில் தட்டி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். காகிதத்தையும் கவரையும் மண்ணையும் உள்ளே போட்டு அடைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். கவரோடு முடிந்து மழைநீர் வடிகாலில் வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு எடுக்காமலேயே இருந்திருக்கலாம்.

பிறகு சோப்பு. சானிடைசர் போதாது, அது முட்டையைக் கொல்லாது. தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

குடற்புழு மாத்திரையை மறக்காதீர்கள். குட்டிகள் தாயின் வயிற்றிலிருந்தே புழுவோடு பிறக்கும், அதனால் இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து, போன தடவை மீதமானதை உடைத்துக் கொடுப்பதல்ல. உரிமத்துக்காக மாநகராட்சி தடுப்பூசிச் சான்று கேட்கிறது, அதனால் ஊசிக்கு ஓடி வருகிறீர்கள். மாத்திரையை யாரும் கேட்பதில்லை என்று விட்டுவிடுகிறீர்கள். நான் கேட்கிறேன்.

மைதானத்தில் ஆடும் பிள்ளைகளுக்குச் செருப்போ ஷூவோ போட்டு அனுப்புங்கள். கேட்கமாட்டார்கள், தெரியும். அதனால்தான் உங்களிடம் கெஞ்சுகிறேன்.

அந்த அம்மா நேற்று போன் செய்தார். தோல் மருத்துவர் கொடுத்த மாத்திரையில் அரிப்பு அடங்கிவிட்டதாம், கோடு நின்றுவிட்டதாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நாயை யாருக்காவது கொடுத்துடலாமா சார்?" என்றார். வேண்டாம், அதன் மலத்தை மட்டும் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். காலையில் அப்பா கொண்டுவந்தார். இன்னும் சூடு ஆறாதது, சரியான அளவு, மூடி இறுக்கமாக. பிரியாணிக் கடை டப்பாவில். அடுத்த தடவையாவது டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள் சார், என் உதவியாளர் பசியோடு இருந்தார்.