‘இன்ட்ரஸ்ட்’ என்றால் இங்கே வட்டி அல்ல

விமானக் கடன், குத்தகை ஆவணங்களைத் தமிழில் எழுத உட்காருபவர் முதலில் தடுக்கி விழுவது ‘இன்டர்நேஷனல் இன்ட்ரஸ்ட்’ என்ற தொடரில்தான். பழகிய கை ‘வட்டி’ என்று எழுதப் பார்க்கும். சற்று யோசித்தால் ‘ஆர்வம்’, ‘நலன்’ எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எதுவும் தனியே பொருந்தாது.

வேர் லத்தீன் ‘இன்டரெஸ்ஸே’. ‘இடையில் இருத்தல்’ என்பது நேர்ப்பொருள். ‘தொடர்பு உடையதாதல்’ அதிலிருந்து கிளைத்தது. இடைக்கால ஐரோப்பாவில், கடனைத் திருப்பாதவன் கடன் கொடுத்தவனுக்குத் தரும் இழப்பீட்டுக்கும் இதே சொல் வழங்கியது. வட்டி என்ற பொருள் அந்தக் கிளையில் முளைத்தது. சட்டம் பிடித்துக்கொண்டது பழைய கிளையை: ஒரு பொருளின் மேல் ஒருவருக்கு உள்ள சட்டத் தொடர்பு. ‘அதன்மேல் எனக்கொரு பிடி இருக்கிறது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தப் பிடிதான். ஆவண நடைக்கு ‘உரிமைநலன்’ என்பது என் தேர்வு. ‘பன்னாட்டு உரிமைநலன்’ என்றால் முழுத் தொடரும் வந்துவிடுகிறது.

2001 நவம்பர் 16 அன்று கேப் டவுனில் கையெழுத்தான உடன்படிக்கையும், அதை விமானங்களுக்குப் பொருத்தும் துணை ஒப்பந்தமான விமான நெறிமுறையும் இந்தத் தொடருக்கு வரையறை தருகின்றன. இரண்டும் 2006 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மூவருக்கு இந்த உரிமைநலன் உண்டு: ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர், முழு விலையும் வரும்வரை உடைமையைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு விற்றவர், குத்தகைக்கு விட்டவர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த விமானம் என்று அடையாளம் காண முடியவும் வேண்டும். பதிவுக்குத் தயாரிப்பாளர் பெயர், மாதிரிப் பெயர், வரிசை எண் மூன்றும் தேவை. எஞ்சின் தனிப் பொருளாகவே கருதப்படுகிறது. ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டினாலும் அதன்மேல் உள்ள உரிமை மாறாது.

ஈடு என்றேன். ‘அடமானம்’ பலருக்கும் பழகிய சொல், தவறும் இல்லை. ‘ஒற்றி’ மட்டும் வேண்டாம். ஒற்றியில் பொருள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும், இங்கே விமானம் கடனாளியிடமே பறந்துகொண்டிருக்கும். ‘இடு’ என்ற வினை நீண்டு பிறந்த ‘ஈடு’ அந்தச் சிக்கலில் மாட்டாது.

உண்மையான குழப்பம் ‘பதிவு’ என்ற எளிய சொல்லில் இருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, பதிவான நாடே விமானத்தின் நாடு. ஒரே நேரத்தில் இரு நாடுகளில் அது பதிவாக முடியாது. அதைத் ‘தேசியப் பதிவு’ என்போம். கேப் டவுன் உடன்படிக்கை சொல்லும் பதிவு வேறு. அது விமானத்தின் மேல் யாருக்கு என்ன பிடி என்பதைக் காட்டுவது. டப்ளினை மையமாகக் கொண்ட மின்னணுப் பன்னாட்டுப் பதிவகத்தில் நடப்பது. மேற்பார்வை பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இருக்கிறது. நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல, கடன் கொடுக்குமுன் இங்கே தேடிப் பார்ப்பார்கள். ‘உரிமைநலப் பதிவு’ என்று பிரித்து எழுதாவிட்டால், ஒரே பத்தியில் இரண்டும் கலந்து வாசகர் திணறுவார்.

இந்தப் பதிவின் பலன் ‘முன்னுரிமை’. முதலில் பதிந்தவரே முந்தியவர். பதியாத பழைய உரிமைநலன் ஒன்று இருப்பது தெரிந்தே ஒருவர் தன்னுடையதைப் பதிந்தாலும், முன்னுரிமை பதிந்தவருக்குத்தான். கறாரான விதிதான். ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்ற வழக்காடலுக்கு இதில் இடமில்லை.

கடைசியாக ‘ஐடெரா’. கடனாளி முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள் இது. தவணை தவறினால் தேசியப் பதிவை நீக்கவும் விமானத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் கடன் கொடுத்தவர் இதைக் காட்டிக் கேட்கலாம். ‘திரும்பப்பெற இயலாப் பதிவுநீக்க, ஏற்றுமதி அதிகாரமளிப்பு’ என்று முதல் முறை விரித்து எழுதிவிட்டு, பிறகு ஐடெரா என்றே தொடரலாம். ‘திரும்பப்பெற இயலா’ என்பதை மட்டும் சுருக்கத்துக்காக வெட்டிவிடக் கூடாது: அதிகாரம் பெற்றவர் எழுத்தில் இசைந்தாலொழியக் கடனாளி அதை ரத்து செய்ய முடியாது.